ஐந்து பேருக்கு ஒரு கார்டு

அந்த வீட்டில் மாமனார் தன் மீசையை இழந்தது ஒரு கார் பந்தயத்தில். அடி, காயம் என்று எதுவும் இல்லை. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கணினித் திரையில் கார் ஓட்டித் தோற்றார். தோற்றவர் மீசையை எடுக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள், எடுத்துவிட்டார். மறுநாள் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர், "முதலாளி இல்லீங்களா?" என்று அவரிடமே கேட்டார்.

அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது. யாருக்கும் யாருக்கும் தகராறு வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார்கள். "சரி, டிராக்ல பேசிக்கலாம்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தயம் நடக்கும். சுவருக்கு என்ன வண்ணம், யார் குப்பை கொண்டுபோய்க் கொட்டுவது, எந்தச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு யார் போய்த் தலையைக் காட்டுவது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். முடிவானதை யாரும் மீறியதில்லை. மீறுவதாக இருந்தால் மாமனார் மீசைக்காக மீறியிருப்பார்.

இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தவர் அத்தை, மாமனாரின் மனைவி. அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வண்டிகளில் சொல்லிக் கொடுப்பவரின் காலுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் இருக்கும். வாழ்நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் ஓட்டிய வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஒரு பிரேக்கை மட்டும் மிதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். ஓய்வு பெற்றதும் திரையில் ஓட்டுகிற காரும், அதற்கு ஒரு ஸ்டியரிங்கும், காலுக்கு ஆக்சிலேட்டரும் கிடைத்தன. அப்புறம் சொல்லவா வேண்டும்.

மருமகள் அந்த வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் ஒரே ஒரு கணினிதான் இருந்தது. அதற்கு நான்கு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தவர் திரும்பி வந்தால் நாற்காலியில் வேறு ஆள் இருப்பார். அவளுடைய கணவன், லிஃப்ட் மெக்கானிக், பாதி நாள் மதியச் சாப்பாட்டைக் கணினி முன்னால் நின்றுகொண்டே சாப்பிட்டான், வரிசையை விட மனசில்லாமல். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த நாத்தனாரோ சாப்பிடவே இல்லை.

மருமகளுக்குச் சர்வர் அறையில் வேலை. ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகள் இருப்பது போல ஆக்குவது அவள் தொழில். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும், தனக்கென்று தனி உடம்பு இருப்பதாக மனதார நம்பிக்கொண்டு வேலை செய்யும். அவள் வேலையிடத்தில் ஒதுக்கித் தள்ளிய ஒரு கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடந்தது. விளையாட்டுக்குப் படம் வரைந்து தள்ளுவது இந்தக் கார்டுதான். செங்கல் கனம், செங்கல் நிறம். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஒரு கார்டு, அஞ்சு பேரு. எப்படிம்மா?" என்று மாமனார் கேட்டார்.

"ஒரே அடுப்புல அஞ்சு பேருக்கும் சமைக்கிறது இல்லையா மாமா, அப்படித்தான்," என்றாள். "ஒவ்வொருத்தர் மெஷினுக்கும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்திப் படம் வரையும். ரொம்ப வேகமா வரையறதால, அவங்கவங்களுக்குத் தனக்கே தனக்குன்னு ஓடுற மாதிரி இருக்கும்."

மாடிப்படிக்கு அடியில், செருப்பும் குடையும் பழைய பெட்டிகளும் வைக்கிற இடத்தில் அந்தப் பெரிய கணினி குடியேறியது. கூடத்தில் ஒரு நீள மேசை, ஐந்து திரை, ஐந்து நாற்காலி. கார்டு ஓடுகிற நாளில் அந்த இடுக்கில் அனல் பறக்கும். அவசரமாக வெளியே கிளம்புகிறவர்கள் செருப்பில் காலை விட்டதும் துள்ளிக் குதிப்பார்கள். அதைத் தவிர யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

இல்லை, ஒரு குறை இருந்தது. புது ஏற்பாட்டில் முதல் இரண்டு வாரமும் அத்தை தோற்றுவிட்டார். புது ஸ்டியரிங், புதுத் திரை, கால் இன்னும் பழகவில்லை. ஆனால் அத்தை தோற்றால் அந்த வீடு வீடாக இருக்காது. பாத்திரங்கள் தாமாகவே சத்தம் போடும். யார் எது கேட்டாலும் "ம்" என்று ஒரு சொல்தான் பதில் வரும். இரண்டாவது தோல்விக்கு மூன்றாம் நாள் மருமகளுக்கு மண்டை காய்ந்துவிட்டது. வந்த மருமகள் கொண்டு வந்த மெஷினால் வீட்டில் நிம்மதி போயிற்று என்று யாராவது சொல்லிவிட்டால்?

கார்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு ஒரு எண் உண்டு. ஒன்றிலிருந்து பதினாறு வரை எதை வேண்டுமானாலும் வைக்கலாம். எண் பெரிதானால் பங்கு பெரிது, படம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஐந்து பேருக்கும் நான்கு என்று வைத்திருந்தாள். மாடிப்படிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, பாஸ்வேர்டு போட்டு, அத்தையின் நான்கை எட்டாக்கினாள். பூனை மாதிரி வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு அத்தை ஜெயித்தார். அடுத்த ஞாயிறும் ஜெயித்தார். அதன் பிறகு ஜெயிக்காத ஞாயிறே இல்லை. பாத்திரங்கள் வாயை மூடிக்கொண்டன. மருமகள் வாரம் தவறாமல் கடைசியில் வந்தாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமிதம். வீட்டின் நிம்மதி தன் கை விரலில் இருக்கிறது, அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்கிற பெருமிதம். அத்தை ஸ்டியரிங்கைத் தட்டி, "பார்த்தியாடி, எப்படித் திருப்பினேன்!" என்று கேட்கும்போதெல்லாம், "உங்கள யாரு அத்தை அடிச்சுக்க முடியும்" என்பாள். சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அதை இருமலாக மாற்றிக்கொள்வாள்.

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அவளுக்கு வேறு ஊரில் ஒரு வேலை கிடைத்தது. ஒரு முழு சர்வர் அறையும் அவள் பொறுப்பில். அவள் சொன்னால்தான் அங்கே ஒரு ஒயரைக்கூடப் பிடுங்க முடியும். இப்படி ஒரு வேலைக்காக அவள் படிக்கிற காலத்திலிருந்தே ஏங்கியிருக்கிறாள். அந்த ஊரில் லிஃப்ட் மெக்கானிக்குக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. கூடவே தனியாக ஒரு வீடு. தானே பூட்டி, தானே திறக்கிற ஒரு வாசல் கதவு. அந்தக் கதவை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது கணவன் மெல்லப் பேச்சை எடுத்தான். அத்தை கரண்டியை வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தார்.

"உனக்குப் போகணுமா?"

"போகணும் அத்தை."

"எனக்கு நீங்க போகக் கூடாது."

அத்தை தன் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை டிராக்ல பேசிக்கலாம்," என்றார் அத்தை. "நீயும் நானும். நீ முன்னாடி வந்தா போங்க. நான் முன்னாடி வந்தா நான் சொல்றதுதான்."

மருமகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாரா வாரம் தன் கையாலேயே ஊட்டி வளர்த்த வெற்றி அது. இப்போது வழியில் வந்து குறுக்கே நிற்கிறது.

சனிக்கிழமை மதியம் வீடு சாப்பிட்டுக் கண் அயர்ந்த நேரமாகப் பார்த்து, மாடிப்படிக்கு அடியில் போய்க் குந்தினாள். அத்தையின் எட்டை மறுபடி நான்காக்கிவிட வேண்டும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, கொடுத்ததைத் திரும்ப எடுக்கிறேன், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டாள். நான்காக்கினால் போதுமா, ஒன்றாகவே ஆக்கிவிட்டால் என்ன என்று இன்னொரு குரலும் கேட்டது. அந்தக் குரலையும் அவள் துரத்திவிடவில்லை.

பாஸ்வேர்டு போட்டுத் திறந்தாள். திறந்தவள் திகைத்துப் போனாள்.

மாமா, பதினாறு. நாத்தனார், பதினாறு. கணவன், பதினாறு. அத்தை, நான்கு. மருமகள், நான்கு.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். எண்கள் அசையவில்லை. அத்தைக்கு அவள் வைத்த எட்டைக் காணவே காணோம். தான் வைக்காத பதினாறுகள் மூன்று, கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இத்தனை நாளும் தன் கார் மட்டும் ஏன் திக்கித் திக்கி ஓடியது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரில் உள்ள மெஷினுக்கெல்லாம் பங்கு பிரித்துக் கொடுக்கிறவள், தன் வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, வழித்த பாத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்!

அந்த நேரம் பார்த்துக் கதவு மெல்லத் திறந்தது. நாத்தனார் தலையை நீட்டினாள்.

"அண்ணி! நீங்களா? நான் சும்மா... செருப்பு எடுக்க வந்தேன்."

"காலுல இருக்கிறது என்ன?"

நாத்தனார் குனிந்து தன் காலைப் பார்த்தாள். இரண்டு செருப்பும் பத்திரமாக இருந்தன. திருட்டு முழி முழித்தாள்.

"உள்ள வா. இந்தப் பதினாறு யாரு வெச்சது?"

"எனக்கு வெச்சது மட்டும்தான் நான். சத்தியமா. அப்பாவுக்குப் படம் வழுவழுன்னு ஓடிச்சு, எனக்கு இடிச்சுது. வந்து பார்த்தா அவருக்குப் பன்னண்டு. அதான் நான் பதினாறு வெச்சேன்."

"பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?"

நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க டைப் பண்ணும்போது வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணுவீங்க அண்ணி. படிக்கு மேல உட்கார்ந்தா நல்லாக் கேட்கும். முட்டைக்கண்ணன்."

மருமகளுக்கு முகம் சிவந்தது. அது அவள் கணவனைத் தனியாக இருக்கும்போது மட்டும் கூப்பிடுகிற பெயர். நான்கு சுவருக்குள் இருக்கிறது என்று நம்பி, அதை விடப் பத்திரமான பாஸ்வேர்டு உலகத்திலேயே இல்லை என்று வைத்திருந்தாள்.

அதற்குள் கணவன் வந்தான், கருவிப் பெட்டியைத் தேடிக்கொண்டு. கருவிப் பெட்டி மாடியில் கட்டிலுக்கு அடியில் இருப்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் பின்னாலேயே மாமனார் வந்தார், குடை வேண்டுமாம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"எங்க மாமா போறீங்க, குடை எடுத்துக்கிட்டு?"

"மழை வந்தாலும் வரும்மா," என்றார் மாமனார், கொஞ்சமும் கூசாமல்.

நான்கு பேர் அந்த இடுக்கில் செருப்புகளுக்கு நடுவே குந்தியிருந்தார்கள். கார்டின் அனலில் எல்லார் முகமும் வேர்த்தது. ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். முதலில் மாமனார், மீசை போன வாரம், பன்னிரண்டு வைத்தார். அதைப் பார்த்து மகள் பதினாறு. அதைப் பார்த்து மகன் பதினாறு. அதைப் பார்த்து மாமனார் மறுபடி வந்து பதினாறு. மூன்று பேரும் ஏறியதால் ஒருவரை ஒருவர் முந்த முடியாமல் போனது. அது தெரியாமல் ஒவ்வொருவரும் தான் மட்டும் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டு ஞாயிறு தோறும் கமுக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மருமகள் ஒருத்திதான் அப்படி நினைத்தாள் என்று இல்லை.

ஒத்துக்கொண்டதோடு விட்டார்களா? நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆளாளுக்கு அவள் காதைக் கடிக்க ஆரம்பித்தார்கள்.

"அம்மாவோடத ஒண்ணாக்கிடு. நாம போயிடலாம்," என்றான் கணவன்.

"ஆமா அண்ணி, ஒண்ணாக்கிடுங்க," என்றாள் நாத்தனார். அண்ணன் அண்ணி அறையின் ஜன்னல் பக்கம் தன் அலமாரி நிற்குமா என்று அவள் ஏற்கனவே அளந்து பார்த்திருந்தாள்.

"வேண்டாம்மா, நீங்க போயிட்டா என் கதி என்ன ஆவறது?" என்றார் மாமனார். "இப்ப அவ திட்டறது நாலு பேருக்குப் பிரிஞ்சு வருது. அப்புறம் முழுசும் எனக்கே. அவளுக்குப் பதினாறு வை."

மருமகள் எல்லாருக்கும் தலையாட்டி வைத்தாள். அப்புறம் கேட்டாள். "அதெல்லாம் இருக்கட்டும். அத்தையோடத நாலாக் குறைச்சது யாரு?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்குக் கூட்டிக்கொண்டதுதான் உண்டே தவிர, அடுத்தவருடையதைத் தொட்டதில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

"நான்தான்," என்று கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது.

அத்தை நின்றுகொண்டிருந்தார். மாமனார் குடையை விரித்து அதற்குப் பின்னால் போய்விட்டார்.

"நீங்களா அத்தை?"

"பக்கத்து சீட்டுல இருக்கிறவ எப்படி ஓட்டுறான்னு பார்த்தே பழக்கப்பட்டவ நான். எனக்குப் படம் எண்ணெய் மாதிரி ஓடுது, உனக்கு நொண்டி நொண்டி ஓடுது. என்னமோ இருக்குன்னு தோணிச்சு. அந்தக் கண்றாவிப் பேரைப் போட்டு உள்ள போய்ப் பார்த்தேன். எனக்கு எட்டு, உனக்கு நாலு. ஏன்டி?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க... தோத்தா வருத்தப்படுவீங்கன்னு..."

"அதனால பரிதாபப்பட்டுப் போட்டியா?" அத்தையின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று மருமகளுக்கு இருந்தது. "லைசென்ஸ் டெஸ்ட் அன்னிக்கு நான் யாருக்கும் என் பிரேக்கை மிதிச்சுக் கால் குடுத்து உதவினது இல்ல. அழுதுக்கிட்டே கெஞ்சினவங்க உண்டு, குடுத்தது இல்ல. பாஸானா அவங்க பாஸாகணும். எனக்குப் போய் நீ கால் குடுக்கிற. பார்த்த அன்னிக்கே நாலாக்கிட்டேன். அப்புறமும் ஜெயிச்சேன். அது என்னோடது. சரி. அதுக்கு முன்னாடி மூணு மாசம் ஜெயிச்சேனே, அது யாரு ஜெயிச்சது? நானா, நீயா?"

மருமகளுக்கு உண்மையிலேயே பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. எல்லாருக்கும் முன்னால் செருப்புக் குவியலில் உட்கார்ந்து அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு அஞ்சு பேருக்கும் சமமா வை," என்றார் அத்தை. "பாஸ்வேர்டை மாத்து. வாயை மூடிக்கிட்டு மாத்து."

எல்லாரும் கலைந்த பிறகு அவள் மட்டும் அங்கே இருந்தாள். ஐந்து பேருக்கும் எட்டு என்று வைத்தாள். வைத்த பிறகும் விரல் அத்தையின் எட்டின் மேலேயே நின்றது. நான்கை வைத்துக்கொண்டு பதினாறுகளை எல்லாம் அடித்து நொறுக்கிய கால் அது. நேர்மையாக ஓட்டினால் தோற்கப்போவது நிச்சயம். எட்டை ஏழாக்கினால் ஒருவருக்கும் தெரியாது. புது வீட்டு வாசல் கதவு கண் முன்னால் வந்து வந்து போனது. அந்த வேலையை அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று அவளுக்குத்தான் தெரியும். கை அரித்தது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தாள்.

ஞாயிறு காலை ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பந்தயம் தொடங்கியது. மருமகளின் கார் நகர்ந்ததுமே அவளுக்கு வாய் பிளந்துவிட்டது. இதற்கு முன் அந்தப் பாதையோரத்தில் பச்சையாக ஏதோ ஒன்று விட்டு விட்டுத் தெரியும். இப்போது அங்கே மரம் இருந்தது, மரத்தில் இலை இருந்தது, இலை ஆடியது. வேலியோரம் கை தட்டுகிற கூட்டத்தில் ஒரு ஆள் தொப்பியைக் கழற்றி வீசினான். அவனையே பார்த்துக்கொண்டு போய் முதல் வளைவில் சுவரில் முட்டினாள்.

"ரோட்டைப் பாருடி!" என்றார் அத்தை, தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பழைய பழக்கம், விடவில்லை.

அதற்குப் பிறகு ரோட்டைப் பார்த்தாள். நினைத்த இடத்தில் கார் திரும்பியது. நினைத்த நேரத்தில் நின்றது. இத்தனை மாதமும் நொண்டிக் காரை ஓட்டியே பழகியவளுக்கு நல்ல கார் கையில் கிடைத்ததும் வேகம் பிய்த்துக்கொண்டு வந்தது. நாத்தனாரைத் தாண்டினாள். மாமனார் தன் காரைக் குறுக்கே விட்டு மறித்தார். கணவன் பின்னாலிருந்து வந்து அப்பாவின் காரை இடித்துப் புல்வெளியில் தள்ளினான். "பெத்த அப்பனைடா!" என்று மாமனார் கத்தினார். அந்த இடைவெளியில் புகுந்து அவள் அத்தைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தாள். கடைசிச் சுற்றில் இரண்டு கார்களுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்க இடம் இல்லை. ஆனால் கடைசி வளைவில் அத்தையின் கால் பிரேக்கைத் தொட்டுத் தொடாமல் விட்டது. அப்படி ஒரு அளவு. அத்தை முதலில் போனார்.

நாத்தனார் தன் அலமாரியை நினைத்துப் பெருமூச்சு விட்டாள். மருமகள் கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். எல்லாம் போயிற்று.

அத்தை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "நான் ஜெயிச்சேன். அதனால நான் சொல்றதுதான். சரிதானே?"

"சரிதான் அத்தை."

"அப்பச் சொல்றேன். போயிட்டு வாங்க. நல்லா இருங்க. கார்டு மட்டும் இங்கதான் இருக்கும்."

கணவன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். மாமனார் தலையில் கையை வைத்துக்கொண்டார். மருமகளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அரை நொடி வந்தது. உடனே அதை மிதித்துக்கொண்டு கோபம் வந்தது.

"வேண்டாம் அத்தை."

"என்ன வேண்டாம்?"

"தோத்தவளுக்கு நீங்க பார்த்துக் குடுக்கிறது வேண்டாம். நான் ஜெயிச்சா போறேன்."

"ஏய், உனக்குப் பைத்தியமா?" என்றான் கணவன். மற்றவர்கள் முன்னால் எப்போதும் அவனை 'நீங்க' என்றே மரியாதையாகச் சொல்கிறவள், "நீ சும்மா இரு முட்டைக்கண்ணா," என்றாள்.

அத்தை அவளைச் சற்று நேரம் ஏற இறங்கப் பார்த்தார். அந்த வீட்டில் அவரை அதுவரை யாரும் இரண்டாவது பந்தயத்துக்குக் கூப்பிட்டதில்லை. "அப்ப உட்காரு," என்றார். பிறகு மற்ற மூன்று பேரையும் பார்த்து, "நீங்க மெஷினை நிறுத்திட்டு எழுந்திரிங்க. கார்டுல பாதி அவளுக்கு, பாதி எனக்கு," என்றார்.

அன்றைக்கு அந்த வீட்டில் மதியச் சாப்பாட்டை ஆண்கள் செய்தார்கள். அதைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பது நல்லது. மருமகள் தோற்றாள். மறுபடி தோற்றாள். தோற்கத் தோற்க அத்தையின் காலைக் கவனித்தாள். எங்கே பிரேக் விழுகிறது, எப்போது எடுக்கிறார், எந்த வளைவில் தொடவே இல்லை என்று பார்த்துக்கொண்டே தோற்றாள். அத்தை அவளைத் திட்டினார், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே "இப்ப விடு, இப்ப மிதி" என்று சொல்லியும் கொடுத்தார், சொல்லிக் கொடுத்துவிட்டுத் தானே ஜெயித்தார். மாடிப்படிக்கு அடியில் கார்டு ஊளையிட்டது. வெளியே போகலாம் என்று செருப்பை எடுக்கப் போன நாத்தனார் விரலை ஊதிக்கொண்டு திரும்பி வந்தாள்.

தெருவிளக்கு எரிகிற நேரம் வந்தது. இன்னும் ஒன்று என்றாள் மருமகள். சரி என்றார் அத்தை. சுற்றுக்குச் சுற்று இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. கடைசி வளைவு வந்தது. அத்தையின் கார் ஒரு மயிரிழை முன்னால் பிரேக் போட்டது. மருமகள் போடவில்லை. உள்பக்கமாக நுழைந்து எல்லைக் கோட்டை முதலில் தாண்டினாள்.

கூடமே எழுந்து குதித்தது. கணவன் அவளை நாற்காலியோடு தூக்கப் பார்த்தான், முடியவில்லை. நாத்தனார் அளவு நாடாவைத் தேடி ஓடினாள். மருமகளும் கத்தினாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் அடங்கிய பிறகு அந்தக் கடைசி வளைவு மறுபடி மனதில் ஓடியது. இவ்வளவு வருஷத்தில் பிரேக்கில் ஒரு தப்புகூடச் செய்யாத கால் அது.

அத்தை ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"அத்தை, அந்தக் கடைசி வளைவுல நீங்க வேணும்னே முன்னாடி மிதிச்சீங்களா?"

அத்தை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குக் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"தெரியலல்ல? அந்த மூணு மாசம் ஜெயிச்சது நானா நீயான்னு எனக்கும் தெரியல. போகட்டும், ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்கலாம். போய் வேலைக்கு வரேன்னு பதில் எழுது."